உடைய வேண்டிய குடம்

என் பானைகள்மேல் அப்பாவுக்கு மரியாதை இருந்ததில்லை. இடுப்பு ஒடிய, மணிக்கட்டு வீங்கச் சக்கரத்தின்முன் உட்கார்ந்து நான் செய்துகொண்டுவந்த கோப்பைகளில் ஒன்றில்கூட அவர் டீ குடித்ததில்லை. "இன்னாம்மா இந்தக் கனம் கனக்குது. டீயத் தூக்கறதா, கப்பத் தூக்கறதா?" என்று கேட்டுவிட்டு, எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில், தனக்கென்று ஒரு குடம் செய்துதரச் சொன்னார். தண்ணீர் வைத்துக் குடிப்பதற்கு இல்லை. தன் சாவுக்கு.

முந்தைய நாள் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவரை ஆற்றோர மயானத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். இருவரும் புனே கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாக ரிடையர் ஆனவர்கள். நல்ல மழை. சிநேகிதரின் மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்தவர் அரிவாள் முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். மூன்றாவது சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்பக்கம் போட்டான். அது உடைய வேண்டும். உடையவில்லை. சேற்றில் தொப்பென்று விழுந்து, ஓட்டை வழியாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு உருண்டது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி போட்டான். மறுபடியும் உடையவில்லை. கடைசியில் ஒருவர் கல்லை எடுத்துக் குடத்தின்மேல் போட்டார். பின்வரிசையில் நின்ற பையன்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அப்பா சொன்னார். "கெளம்பறதுக்கு அவனுக்கே மனசு வர்ல பாரு. எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஆயிப்போச்சு."

மறுநாள் காலை என்னை எதிரே உட்காரவைத்தார். "நீதான் ஊருக்கெல்லாம் பானை செய்றியே. எனக்கு ஒண்ணு செய்யி. நீதான தூக்கப்போற. ஒரே அடில ஒடையணும். என்னப் பாத்து எவனும் சிரிக்கக்கூடாது."

அம்மா போய் வெகுநாளாயிற்று. நான் ஒரே பெண். நான்தான் தூக்க வேண்டும் என்பது எங்களுக்குள் எப்போதோ முடிவான விஷயம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்தது. காலையில் அவருக்கு நெபுலைசர் வைத்து, கஞ்சி கொடுத்து, துணிகளை ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம் சாவுக்குடம் கேட்கிறார். "வேற பேச்சே கெடையாதாப்பா உங்களுக்கு?" என்று எழுந்து போய்விட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. அப்பாவின் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. நான் கதை எழுதுகிறவள். தமிழில் எழுதுகிறேன், அதுவும் புனேயில் உட்கார்ந்து. எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், படிக்கிறவர்கள் அப்பாவோடு சரி. அவரும் என் புத்தகங்களைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா யாருமே சிரிக்க மாட்டேங்கறாங்களே" என்பார். கடைசிப் புத்தகத்துக்குப் பிறகு ஒரு பக்கம்கூட ஓடவில்லை. ஒரு வாக்கியம் எழுதுவேன். உள்ளறையில் இருமல் கேட்கும். எழுந்து போய்விட்டு வந்தால் அந்த வாக்கியத்தின்மேல் எனக்கே நம்பிக்கை போயிருக்கும்.

எழுத்து வராத நாட்களுக்காகத்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டேன். புனேக்கு வெளியே முல்ஷி பக்கம், நெல் வயல்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகை. என்னைவிட வயதில் சின்னவளான ஒரு மராட்டியத் தோழியின் குடும்ப நிலம் அது. பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சூளை போட்டு உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் ஒருநாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கிற நாளில், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கிற சாந்தினி சௌக் நெரிசலில் புகையைத் தின்று அங்கே போய்ச் சேருவேன். மழை பெய்தால் தகரக் கூரை பேசவிடாது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

பானை வேலை என்பது பெரும்பாலும் தூக்கிவைப்பதுதான். சக்கரத்திலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து சூளைக்கு. எந்த இடத்திலும் உடைந்துபோகலாம். அதனால் கைக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிடுகிறது. ஏதாவது நழுவினால் நான் நினைப்பதற்குமுன் கை கீழே போய் நிற்கும். விரிசல் விட்டதென்று குப்பையில் போட எடுத்துப்போகும் பானை நழுவினாலும் பாய்ந்து பிடித்துவிடுவேன். பிறகு நானே கொண்டுபோய்க் குப்பையில் போடுவேன். தோழி இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்பா கேட்டதை அவளிடம் புகார் மாதிரி சொன்னேன். அவள் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடமும் அதே வழக்கம்தான், அவளுடைய அப்பாவுக்கு அண்ணன் குடம் உடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். என் அப்பாவை அவள் காகா என்பாள். காகா கேட்டால் செய்துதர வேண்டியதுதானே, இதற்கு எதற்கு இந்த முகம் என்று மராட்டியில் கேட்டாள். மண்ணைப் பிசைய ஆரம்பித்தேன்.

முதல் குடத்தைக் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கழுத்தைக் குறுக்கி, அடியைச் செதுக்கி, கிண்ணம் கோப்பைகளோடு சேர்த்து அதே பெரிய சூட்டில் சுட்டேன். பழுப்பில் நல்ல நிறம் வந்திருந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டினார். கணீரென்றது.

"இன்னாம்மா, கோயில் மணி செய்ஞ்சுகினு வந்துகிற?" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைத் தரையில் போட்டார். டைல்ஸ் உடைந்தது. குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அது இருமலாகி, நெபுலைசரில் போய் முடிந்தது. அந்த உடைந்த டைல்ஸ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த வாரம் பாதிச் சூட்டில் எடுத்த குடம் ஒன்றைக் கொண்டுபோனேன். உடையும், சந்தேகமில்லை. பெருமையாகத்தான் நீட்டினேன். அப்பா தண்ணீர் நிரப்பச் சொன்னார். காய் நறுக்கும் கத்தி முனையால் ஓர் ஓட்டை போடச் சொன்னார். போட்டேன். குடம் முழுவதும் விரிந்து என் மடியில் தண்ணீராகவும் ஓடாகவும் கொட்டியது.

"பாத்தியா? தோள்ள வெச்சிருக்கும்போது இப்டி ஆனா?" என்றார். "இது முன்னாடியே வெடிக்குது. அது அப்புறமும் வெடிக்கல. ரெண்டுமே ரிஜெக்ட்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் விளையாடவில்லை என்று. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த வேலை அதுதான். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். வெடிக்க வேண்டிய பொருள் வெடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் வெடிக்கிறதா என்று பார்க்கிற வேலை. வீட்டில் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் சின்ன வயதில் அப்பா ஆபீசில் என்ன செய்கிறார் என்று கேட்டால், "தட்டிப் பாப்பேன்" என்பார். இப்போது தட்டிப் பார்க்க என் குடம் கிடைத்திருந்தது. எழுந்து நிற்கவே மூச்சு வாங்கிய மனிதர், நான் வரும் நாளில் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்துகிற மண் தரையில் சோதனை நடந்தது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். நான் ஓட்டை போடுவேன், வாட்ச்மேன் போட்டு உடைப்பார். கீழ்வீட்டு அம்மாள் சில வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து, குடியிருக்கிற இடத்தில் வாரா வாரம் சாவுக்குடம் உடைத்தால் விளங்குமா என்று ஹிந்தியில் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அப்பா என்னைப் பார்த்து, "உன் கொட்டாய்க்கே போலாம் வா" என்றார்.

இத்தனை வருடத்தில் அப்பா ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. டாக்ஸி பிடித்து, மருந்துப் பையும் தலையணையுமாகக் கூட்டிப்போனேன். தோழி அவருக்கு என் கோப்பையில் டீ கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர் கேட்க அவருக்குக் கூச்சம். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "சூடு நிக்குது. ஆனா கனம் கனம்தான்" என்றார்.

அன்றிலிருந்து வேலை வேறு மாதிரி நடந்தது. என் வழக்கமான மண்ணை விட்டுவிட்டு, அந்த ஊர்ச் செம்மண்ணை எடுத்தோம். அதில் பக்கத்து அரிசி மில்லிலிருந்து வாங்கிய உமியைக் கலந்தோம். உமி சூளையில் எரிந்து குடத்தின் உடம்பில் பொடிப்பொடி ஓட்டைகளை விட்டுவிடும், அது குடத்தை இளக்கும். உமி கூடினால் தண்ணீர் நிற்காது, குறைந்தால் குடம் உடையாது. நான் ஓட்டை போட, தோழி தோளிலிருந்து போட, அப்பா நாற்காலியிலிருந்து தீர்ப்புச் சொன்னார். என் மணிக்கட்டு மோசமாக இருந்ததால் போடுகிற வேலை எப்போதும் அவளுடையதாகவே இருந்தது. காய்ந்த தரையில் போட்டோம், பிறகு அப்பா சொல்லித் தரையை நனைத்துச் சேறாக்கிப் போட்டோம். "நான் மழைல போனா?" என்றார்.

நான் களைத்துப் போனேன். இதைச் சொல்லிவிடுகிறேன். அவரை அங்கே கூட்டிப்போய்க் கூட்டிவருவது, கக்கூசுக்குத் தாங்கிப் போவது, எந்நேரமும் ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பது, வீட்டுக்கு வந்து சமைப்பது. செய்கிற ஒவ்வொரு குடமும் உடைவதற்கு. அலமாரியில் வைக்க ஒன்றுமில்லை, எழுத ஒன்றுமில்லை. சில நாட்களில், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றிய நாளில் அவருக்குப் பிடித்த சேமியா உப்புமா செய்து கொடுத்துவிட்டு, அவர் சாப்பிடுவதைப் பார்க்காமல் அடுக்களையிலேயே நிற்பேன்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு குடம் சரியாக வந்தது. கத்தி முனைக்கு மூன்று முறையும் தாங்கியது, ஓட்டை சுத்தமாக விழுந்தது, தண்ணீர் நூலாக வந்தது. தோழி போட்டதும் சேற்றிலேயே படீரென்று சிதறியது. அப்பா கையைத் தூக்கினார். "பாஸ்."

"அப்பாடா" என்றேன். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதாவா? ஒடைச்சாச்சே. இப்ப எனக்கு எங்க குடம்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். எதைச் சோதித்தோமோ அது போயிற்று. சோதிக்காததைத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் ஒரே மண், ஒரே கலவை, ஒரே சூளையில் ஒரு லாட்டாகப் பல குடங்கள் செய்து, எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்து ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மற்றதெல்லாம் சரியாக உடைந்தால் அதுவும் உடையும் என்று நம்ப வேண்டியதுதான். "அவ்ளோதாம்மா. வேற வழி கெடையாது. நாங்களும் அப்டித்தான் அனுப்புவோம்."

அந்த லாட்டையும் செய்தேன். எல்லாம் ஒன்றுபோல உடைந்தன. மிஞ்சிய ஒன்றின்மேல் அப்பா சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். வீட்டில் அவர் கட்டிலுக்கு எதிரே, டிவிக்குப் பக்கத்தில் அதை வைக்கச் சொன்னார். சாக்பீஸ் அழியாமல் தூசி தட்டுவது என் வேலையாயிற்று. பார்க்க வந்தவர்கள், அழகாக இருக்கிறதே, நீயா செய்தாய், பூ வைக்கலாமே என்றார்கள். அப்பா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "வெக்கலாம் வெக்கலாம்" என்பார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த மழை தொடங்கிய வாரத்தில், காலை டீயைப் பாதி குடித்துவிட்டு அப்பா போய்விட்டார். பக்கத்தில்தான் இருந்தேன். டம்ளர் சாய்ந்ததைப் பிடித்தேன், அவரைப் பிடிக்க முடியவில்லை.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, புனேயிலேயே கோர்படியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து வந்த சாமான்களோடு ஒரு குடமும் இருந்தது. அது வேண்டாம் என்று டிவிக்குப் பக்கத்திலிருந்து எங்கள் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் சாக்பீஸ் டிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடத்தை வாங்கிக்கொண்டார்.

மயானத்தில் தூறிக்கொண்டிருந்தது. அப்பா எதிர்பார்த்த மாதிரியே சேறு. பழைய ஃபேக்டரிக்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். போன வருடம் சிரித்த பையன்களில் ஓரிருவர்கூட இருந்தார்கள். தோழி முல்ஷியிலிருந்து வந்து ஓரமாக நின்றாள். தண்ணீர் நிரப்பிய குடத்தை இடது தோளில் வைத்தார்கள். அண்ணன் அரிவாளோடு பின்னால் வந்தார். முதல் சுற்றில் முனை இறங்கியது. குடம் தாங்கியது. தண்ணீர் முதுகில் நூலாக ஓடியது. இரண்டாவது தாங்கியது. மூன்றாவதும் தாங்கியது. அழுகை வரவில்லை, பாஸ் பாஸ் என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னாடி போட்டுடும்மா," என்றார் அண்ணன். "திரும்பாத."

கையை எடுத்தேன். குடம் தோளிலிருந்து நழுவியது. நழுவியதும் என் கை கீழே போய்விட்டது.

நான் திரும்பிவிட்டேன், குனிந்துவிட்டேன். சேற்றுக்கு ஒரு சாண் மேலே குடம் என் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. மீதித் தண்ணீரெல்லாம் என் வயிற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றை மட்டும் நாங்கள் சோதிக்கவே இல்லை. ஒரு தடவைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிடாதா என்று நினைத்தவள் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சத்தமாக அழுதேன். சாக்பீஸ் கரைந்து விரலில் ஒட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. தோழி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அண்ணன் என் பக்கத்தில் குந்தினார். "உட்டுடும்மா," என்றார் மெதுவாக. "சித்தப்பாவ உட்டுடு."

எழுந்தேன். அவரே குடத்தை மறுபடி தோளில் வைத்தார். இந்தத் தடவை இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தோளை மட்டும் சாய்த்தேன். படீரென்று சத்தம் கேட்டது. முல்ஷியில் எத்தனையோ முறை கேட்ட அதே சத்தம். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அப்பா, குடத்தில் ஒரு குறையும் இல்லை. விழுந்த முதல் அடியிலேயே உடைந்தது. கிளம்ப உங்களுக்கு மனசு வராமல் இல்லை. பிடித்துக்கொண்டது நான்தான்.